சளி, மூச்சுத் திணறல், சிஆர்பி: ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் கேட்கும் கேள்விகள்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. அக்கம்பக்கத்தில் குழந்தை மருத்துவர்கள் இருப்பதால், ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து மார்கழிப் பனி முடியும்வரை சளியும் காய்ச்சலும் இரைப்புமாக வரும் பிள்ளைகள்தான் அதிகம். நம்பியூர், கவுந்தப்பாடி, அந்தியூர், சத்தி என்று எந்த ஊர்க்காரர் வந்தாலும், ரிப்போர்ட்டை வாங்கியதும் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவற்றை அவர்கள் கேட்டபடியே கீழே எழுதியிருக்கிறேன். மருந்து சொல்வது என் வேலையல்ல. சீட்டில் இருக்கும் எண் எப்படி வந்தது, அதை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பது மட்டும் இங்கே.

ஏனுங்க, இந்த சிஆர்பி-ன்னா என்னங்க?

கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம். உடம்பில் எங்காவது கிருமி புகுந்தாலோ திசு சேதமானாலோ, அங்கே கூடும் வெள்ளை அணுக்கள் சில ரசாயனச் சைகைகளை ரத்தத்தில் விடும். அவை கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்ததும் சிஆர்பி பல மடங்கு பெருகும். நோய் நுரையீரலில், புரதம் வருவதோ ஈரலிலிருந்து. அதனால் எண்ணை மட்டும் பார்த்து நோய் எந்த இடத்தில் என்று சொல்ல முடியாது. காதில் சீழ், சிறுநீர்த் தொற்று, தொடையில் கட்டி, எதற்கும் இது ஏறும்.

இருந்தாலும் நிமோனியாவுக்கும் இதற்கும் பழைய சொந்தம் உண்டு. 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லட், ஃபிரான்சிஸ் என்ற இரண்டு பேர் இதை முதலில் கண்டது நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான். நோய் முற்றியிருக்கும்போது இருந்தது, ஆள் தேறியதும் காணாமல் போனது. இன்றுவரை இதன் முக்கியமான உபயோகமும் அதுதான்: ஏறுவதையும் இறங்குவதையும் பார்ப்பது.

டாக்டர் நெஞ்சைப் பார்த்ததுமே நிமோனியான்னுட்டாருங்க. ரத்தம் பாக்காம எப்படிச் சொல்றது?

சொல்லலாம், சொல்வதுதான் முறை. இருமலோ மூச்சுச் சிரமமோ உள்ள பிள்ளைக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவுகோல் மூச்சு எண்ணிக்கை. 2 மாதம் முதல் 11 மாதம் வரை நிமிடத்துக்கு 50-ம் அதற்கு மேலும், 1 வயது முதல் 5 வயதுக்குள் 40-ம் அதற்கு மேலும் போனால் வேகமான மூச்சு. மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும் அதே சந்தேகம்தான். இதற்கு ரத்தமும் வேண்டாம், எக்ஸ்ரேயும் வேண்டாம். கிராமத்துச் செவிலியர் கையில் கடிகாரம் இருந்தால் போதும்.

நீங்களும் வீட்டில் எண்ணலாம். பிள்ளை தூங்கும்போது, இல்லை அழாமல் மடியில் கிடக்கும்போது, சட்டையைத் தூக்கி வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது, கணக்கு தப்பும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது மூச்சு கொஞ்சம் கூடத்தான் செய்யும், இறங்கிய பிறகு இன்னொரு முறை எண்ணிக்கொள்ளுங்கள்.

பால், தண்ணீர் குடிக்க முடியாமல் போவது, குடித்ததெல்லாம் வாந்தியாவது, வலிப்பு, எழுப்பினால் எழாத சோர்வு, உதடு நீலம் பாய்வது, இதில் எது இருந்தாலும் ரிப்போர்ட்டுக்காக எங்கள் பெஞ்சில் உட்காராதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எவ்வளவு இருந்தா நார்மலுங்க? எங்களுது 4.8-னு போட்டிருக்குது, கம்மிதானுங்களே?

எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. பல இடங்களில் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று போடுவார்கள். சில இடங்களில் டெசிலிட்டருக்கு. ஒரு லிட்டருக்குப் பத்து டெசிலிட்டர். ஆக லிட்டர் கணக்கில் 4.8 என்றால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. டெசிலிட்டர் கணக்கில் 4.8 என்றால் அது 48, கவனிக்க வேண்டிய அளவு. ஈரோட்டில் ஒரு ரிப்போர்ட், கோவையில் ஒரு ரிப்போர்ட் எடுத்துவிட்டு, "ஒரே நாள்ல பத்து மடங்கு ஏறிருச்சு" என்று அலறியடித்து வந்தவர்கள் உண்டு. ஏறியது அலகு.

இனிமேல் இந்தப் பக்கத்தில் எல்லாமே லிட்டர் கணக்கு. பொதுவாக 5-க்குக் கீழே, சில கூடங்களில் 10-க்குக் கீழே, நார்மல் என்று எடுத்துக்கொள்வார்கள். சாதாரண வைரஸ் சளியில் 20, 30 வருவது சகஜம். 100-ஐத் தாண்டினால் மருத்துவர் பாக்டீரியாவை நோக்கி யோசிப்பார். இடையில் கிடப்பதுதான் குழப்பம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நேத்து 24, இன்னைக்கு 48. ஒரே ராத்திரியில இரட்டிப்பா ஆயிருச்சுங்களே?

எந்த முறையில் பார்த்தார்கள் என்று முதலில் கேளுங்கள். சிறிய கூடங்களில் இன்னமும் லேடக்ஸ் முறை ஓடுகிறது. கண்ணாடி வில்லையில் ஒரு சொட்டு சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்), ஒரு சொட்டு லேடக்ஸ் மருந்து, கலக்கி ஆட்டிப் பார்த்தால் மணி மணியாகத் திரளும். திரண்டால் 6-க்கு மேல் என்று அர்த்தம். எவ்வளவு மேல் என்று தெரிய சீரத்தைப் பாதி, கால், அரைக்கால் என்று நீர்த்துக்கொண்டே போவோம். கடைசியாக எத்தனை மடங்கு நீர்த்தபோது திரண்டதோ அந்த மடங்கை 6-ஆல் பெருக்குவோம். அதனால்தான் இந்த முறையில் 6, 12, 24, 48, 96 என்று படிப்படியாக மட்டுமே எண் வரும். 31 வரவே வராது.

இதில் ஒரு படி முன்பின் ஆவது முறையின் இயல்பான பிழை. 24-ம் 48-ம் பக்கத்துப் பக்கத்துப் படிகள், உண்மையில் மாற்றமே இல்லாமலும் இருக்கலாம். இன்னொரு வேடிக்கையும் உண்டு: சிஆர்பி மிக மிக அதிகமாக இருந்தால், நீர்க்காத சீரத்தில் திரளாமலே போய் 'நெகட்டிவ்' போலத் தெரியும். பிள்ளை துவண்டு கிடக்கிறது, சீட்டில் நெகட்டிவ் என்றால், நீர்த்துப் பார்த்தீர்களா என்று கேட்பதில் தப்பில்லை. மெஷினில் எண்ணாக வரும் சிஆர்பி இதைவிட நம்பகமானது. ஏற்ற இறக்கம் பார்க்க வேண்டுமென்றால் ஒரே கூடம், ஒரே முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பையன் இட்லி தின்னுட்டானுங்க. வெறும் வயித்துல வரோணுமா?

வேண்டாம். சிஆர்பி-க்கும் அணு எண்ணிக்கைக்கும் சாப்பாடு தடையில்லை. பாரசிட்டமால் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை, காய்ச்சல் இறங்குமே தவிர சிஆர்பி இறங்காது.

பச்ச மண்ணுகிட்ட இத்தனை ரத்தம் உறியறீங்களே?

ஊதா மூடிக் குழாயில் ஒன்றிரண்டு மில்லி, சீரத்துக்கு இன்னொரு குழாயில் அதே அளவு. அழுகை பெரிதாக இருக்கும், இழப்பு சிறிது. அமுச்சிகள்தான் (அம்மாவைப் பெற்ற பாட்டிகள்) அதிகம் கோபப்படுவார்கள், எங்களுக்குப் பழகிவிட்டது.

வெள்ளை அணு 14,000-ன்னு தடிச்ச எழுத்துல போட்டு, பக்கத்துல 'அதிகம்'னு இருக்குது. பாப்பாவுக்கு ஒரு வயசுங்க.

அந்தத் தடித்த எழுத்துக்குப் பயப்பட வேண்டாம். பல கூடங்களின் கம்ப்யூட்டரில் பெரியவர்களுக்கான அளவுதான் ஏற்றி வைத்திருக்கிறது: 4,000 முதல் 11,000. ஒரு வயதுப் பிள்ளைக்கு 6,000 முதல் 17,500 வரை இயல்பு. 14,000 அதற்குள்ளேதான் இருக்கிறது. வகை பிரித்த எண்ணிக்கையும் அப்படியே. பெரியவர்களுக்கு நியூட்ரோஃபில் அதிகம். கைக்குழந்தைப் பருவத்திலிருந்து நாலைந்து வயது வரை லிம்ஃபோசைட்தான் அதிகம். "லிம்ஃபோசைட் 60 சதவீதம், புற்றுநோயா?" என்று நடுங்கிக்கொண்டு கேட்ட அப்பாக்கள் உண்டு. அந்த வயதுக்கு அது சரியான எண்.

எண்ணிக்கை உயர்வதற்கு நிமோனியாவே வேண்டும் என்பதும் இல்லை. ஊசியைப் பார்த்துக் கத்திக் கதறினாலே கொஞ்சம் ஏறும். ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் நன்றாகவே ஏறும். மாறாக, கடும் காய்ச்சலோடு 20,000-ஐத் தாண்டினால், நெஞ்சில் சத்தம் எதுவும் கேட்காவிட்டாலும் மருத்துவர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வதுண்டு. வெள்ளை அணுவும் தட்டணுவும் (பிளேட்லெட்) சேர்ந்து குறைந்தால் கதை வேறு. மழைக்காலத்தில் நம் பக்கம் டெங்குவை நினைக்க வேண்டியிருக்கும்.

இஎஸ்ஆர் 55 இருக்குதுங்க. அது என்ன கணக்கு?

ரத்தத்தைக் குழாயில் செங்குத்தாக நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் சிவப்பணு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று பார்க்கும் பழைய பரிசோதனை. மெதுவாக ஏறும், அதைவிட மெதுவாக இறங்கும். பிள்ளை தேறிப் பள்ளிக்கூடம் போன பிறகும் வாரக்கணக்கில் உயர்ந்தே நிற்கலாம். ரத்தசோகை இருந்தாலே ஏறிவிடும், நம் பிள்ளைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகைதான். திடீர் நிமோனியாவில் இதைப் பார்த்து முடிவெடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. நாள்பட்ட நோய்க்கு வேண்டுமானால் உதவும்.

புரோகால்சிடோனின்னு ஒண்ணு எழுதிக் குடுத்தாங்க, விலையக் கேட்டா தல சுத்துது. அது அவசியமுங்களா?

சிஆர்பி-யைவிட வேகமான குறியீடு. பாக்டீரியா தொற்றில் சில மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கி, ஒரு நாளைக்குள் உச்சிக்குப் போய், தொற்று அடங்கினால் தினமும் ஏறக்குறையப் பாதியாக இறங்கும். வைரஸ் தொற்றில் உடம்பு சுரக்கும் இன்டர்ஃபெரான் இதை அடக்கி வைக்கும் என்பதால், பாக்டீரியாவையும் வைரஸையும் பிரிப்பதில் சிஆர்பி-யைவிட ஓரளவு மேல். மில்லிலிட்டருக்கு 0.25 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் பாக்டீரியா நிமோனியாவுக்கு வாய்ப்புக் குறைவு என்று எடுத்துக்கொள்வார்கள். அதுவும் வாய்ப்புக் குறைவுதான், இல்லவே இல்லை என்பதல்ல.

ஐசியூ-வில் கிடக்கும் பிள்ளை, ரத்தத்திலேயே கிருமி கலந்திருக்குமோ என்ற சந்தேகம், ஆன்டிபயாடிக்கை எப்போது நிறுத்தலாம் என்ற கேள்வி, இங்கெல்லாம் கொடுத்த காசுக்கு அது வேலை செய்யும். ஓடி விளையாடிக்கொண்டு இருமும் பிள்ளைக்கு எதற்கு என்று மருத்துவரிடமே கேட்கலாம். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சிஆர்பி அதிகம்னா பாக்டீரியா, கம்மின்னா வைரஸ். அவ்வளவுதானுங்களே?

எல்லோரும் இப்படித்தான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் முதல் யூடியூப் வரை. அவ்வளவு சுலபமில்லை. தோட்டத்தில் நாய் குரைத்தால் யாரோ வருகிறார்கள் என்று தெரியும், வருவது விருந்தாளியா திருடனா என்று தெரியாது. சிஆர்பி-யும் அந்த ரகம்.

அடினோ வைரஸ் தொற்றில் சிஆர்பி 100-ஐத் தாண்டும், வெள்ளை அணுவும் ஏறும், பாக்டீரியா என்றே சத்தியம் செய்யலாம் போலிருக்கும். மைகோபிளாஸ்மா என்ற கிருமி பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நிமோனியா கொடுக்கும், அது பாக்டீரியாதான், ஆனால் அதில் வெள்ளை அணு நார்மலாகவும் சிஆர்பி சுமாராகவும் இருப்பதுண்டு. போதாததற்கு, வைரஸில் தொடங்கிய நோயில் நாலாம் நாள் பாக்டீரியாவும் சேர்ந்துகொள்வது உண்டு. ஊட்டச்சத்து மிகவும் குறைந்த பிள்ளைக்கோ, ஈரல் கெட்ட பிள்ளைக்கோ, ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது.

2011-இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் குழந்தைகள் நிமோனியாவுக்கு வந்த வழிகாட்டுதல்கள் இரண்டும், இந்தக் குறியீடுகளை மட்டும் வைத்து வைரஸா பாக்டீரியாவா என்று தீர்மானிக்கக் கூடாது என்கின்றன. ஆப்பிரிக்கா, ஆசியாவின் ஏழு நாடுகளில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஐந்து வயதுக்குட்பட்டோரிடம் நடத்திய 'பெர்ச்' ஆய்வு 2019-இல் வெளிவந்தது. எக்ஸ்ரேயில் உறுதியான கடும் நிமோனியாவில் சுமார் 61 சதவீதத்துக்கு வைரஸே காரணம் என்று அது கணக்கிட்டது, ஆர்எஸ்வி என்ற ஒரே வைரஸ் மட்டும் 31 சதவீதம். இந்தியா அந்த ஏழில் இல்லை. ஆனாலும் 'நிமோனியா என்றாலே பாக்டீரியா' என்ற நம் நினைப்பைக் கொஞ்சம் தளர்த்த அது போதும்.

சிஆர்பி 8-தானுங்க. அப்புறம் எதுக்கு ஆன்டிபயாடிக் எழுதியிருக்காரு? பணம் புடுங்கறதுக்கா?

எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தீர்கள் என்பதில் பாதி விடை இருக்கிறது. காலையில் காய்ச்சல் வந்து மதியமே எடுத்தால் சிஆர்பி ஏறியிருக்காது. ஏறத் தொடங்க ஆறு முதல் எட்டு மணி நேரம், உச்சிக்குப் போக இரண்டு நாள் வரை ஆகும். முதல் நாள் எண் குறைவாக இருப்பதில் ஆறுதல் கொள்ள ஒன்றுமில்லை.

மீதிப் பாதி, மூச்சு எண்ணிக்கையிலும் ஆக்ஸிஜனிலும் இருக்கிறது. வேகமாக மூச்சு வாங்குகிறது, விலா இழுக்கிறது என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படியே அமாக்சிசிலின் கொடுக்கலாம், ரத்தப் பரிசோதனை நிபந்தனையில்லை. மேலே சொன்ன வைரஸ் கணக்கைப் பார்த்தால் அதில் பலருக்கு அது தேவையே இல்லாமலிருக்கும். ஆனால் யாருக்குத் தேவையில்லை என்று ஒரு எண்ணால் பிரிக்க முடிந்திருந்தால் இந்தப் பக்கத்தையே எழுத வேண்டியிருக்காது.

மருந்துக்கடையில செட் மாத்திர வாங்கிக் குடுத்தோமுங்க. அதனால ரிப்போர்ட் மாறுமா?

மாறலாம், அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மூன்று நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் அந்தச் செட்டில் பல சமயம் ஒரு ஸ்டீராய்டு இருக்கும். காய்ச்சல் சட்டென்று இறங்கும், பிள்ளை எழுந்து உட்காரும். சீட்டில் சிஆர்பி குறைந்தும் வெள்ளை அணு கூடியும் தெரியும். இரண்டும் எதிரெதிராகப் போவதைப் பார்த்து மருத்துவர் தலையைச் சொறிவார். ஒரு வேளை ஆன்டிபயாடிக் போயிருந்தால் ரத்தக் கல்ச்சரில் கிருமி வளராமலும் போகலாம். திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள். மாத்திரையின் அட்டை இருந்தால் எடுத்து வாருங்கள், செட்டு என்பதால் பெரும்பாலும் இருக்காது.

மூணு நாளா ஊசி போட்டும் சிஆர்பி எறங்க மாட்டேங்குது. மருந்து வேலை செய்யலையா?

சிஆர்பி-யின் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம். அதாவது தூண்டுதல் நின்றுவிட்டால் ஒரு நாளைக்குள் பாதிக்கு மேல் கரைந்துவிட வேண்டும். ஆனால் முதல் நாள் ஊசி போட்டபோது அது இன்னும் ஏறுமுகத்தில் இருந்திருக்கலாம், எனவே மறுநாள் கொஞ்சம் கூடியிருந்தால் பதற வேண்டாம். இரண்டு மூன்று நாள் கழித்தும் காய்ச்சலும் விடவில்லை, சிஆர்பி-யும் அசையவில்லை என்றால்தான் காரணம் தேட வேண்டும்.

காரணங்களில் முக்கியமானது நுரையீரலைச் சுற்றி நீரோ சீழோ கோத்துக்கொள்வது. ஊசி மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. அல்ட்ராசவுண்டு ஒன்று எடுத்தால் தெரிந்துவிடும், குழாய் வைத்து வடிக்க வேண்டியிருக்கலாம். கிருமிக்கு அந்த மருந்து ஒத்துவராதது, காசநோய், மூச்சுக்குழாயில் வேர்க்கடலைப் பருப்பு மாதிரி ஏதாவது சிக்கியிருப்பது, இவையும் பட்டியலில் உண்டு. பிள்ளை கடலையோ புளியங்கொட்டையோ வாயில் போட்டுப் புரையேறிய ஞாபகம் இருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

எண் இறங்கவில்லை, பிள்ளை மட்டும் நன்றாகச் சாப்பிட்டு விளையாடுகிறது என்றால் பிள்ளையை நம்புங்கள்.

பிளேட்லெட் 6 லட்சமாமுங்க! டெங்குல கொறையும்பாங்க, இது ஏறிக் கெடக்குது.

நிமோனியா ஒரு வாரத்தைத் தாண்டும்போது தட்டணு ஏறுவது சாதாரணம். அழற்சிக்கு எலும்பு மஜ்ஜை காட்டும் பதில் அது. சில வாரங்களில் தானாக இறங்கும், இதற்கென்று தனி மருந்து பொதுவாகத் தேவைப்படாது. மருத்துவர் சொன்னால் பிறகு ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

டிஸ்சார்ஜ் ஆனப்புறம் வாராவாரம் சிஆர்பி எடுக்கோணுங்களா?

பிள்ளை தேறிவிட்டால் வேண்டியதில்லை. எங்களுக்கு வரும்படி குறையும், பரவாயில்லை. அதேபோல ஃபெர்ரிடின், டி-டைமர் எல்லாம் சேர்த்த 'காய்ச்சல் பேக்கேஜ்' கோவிட் காலத்தில் பழக்கமாகி இன்னும் போகவில்லை. சாதாரண நிமோனியாவுக்கு அவை எதையும் கூட்டிச் சொல்வதில்லை. பேக்கேஜில் 'ஹெச்எஸ் சிஆர்பி' என்று இருந்தால், அது பெரியவர்களின் இதய நோய் அபாயத்தைக் கணிக்க மிகச் சிறிய அளவுகளை அளப்பது. பிள்ளையின் சளிக்கு அது எதற்கு?

நிமோனியா ஊசி போட்ட கொழந்தைங்க. அப்ப பாக்டீரியா வராதில்ல?

வாய்ப்புக் குறையும், முற்றிலும் போகாது. நிமோனியா கொடுக்கும் பாக்டீரியாக்களில் ஒன்றான ஹிப் கிருமிக்கான மருந்து, பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்க்கான கூட்டுத் தடுப்பூசியில் இருக்கிறது. 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் அதைத் தொடங்கியது தமிழ்நாடும் கேரளமும்தான். நியூமோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவுக்கான பிசிவி ஊசி 2021-இல் நாடு முழுவதும் அரசுத் திட்டத்தில் வந்தது: 6 வாரம், 14 வாரம், 9 மாதம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தடுப்பூசி அட்டையை மருத்துவரிடம் காட்டுங்கள். முழுசாகப் போட்ட பிள்ளைக்கும் போடாத பிள்ளைக்கும் ஒரே சிஆர்பி எண் வந்தாலும், அவர் அதைப் படிக்கும் விதம் மாறும்.

ஒரு மாசமா இருமல், எடை ஏறல, இஎஸ்ஆர் 80. சிஆர்பி சுமார்தான். இதுவும் நிமோனியாவா?

காசநோயைப் பார்த்தாக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், விட்டு விட்டுக் காய்ச்சல், எடை ஏறாமை, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தது, இவை எல்லாம் இஎஸ்ஆர்-ஐவிடப் பெரிய தடயங்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். எனவே காலையில் வயிற்றிலிருந்து குழாய் வழியாக எடுத்துச் சோதிப்பார்கள். அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம். தாத்தாவின் நாள்பட்ட இருமலை 'பீடி இருமல்' என்று விட்டிருந்தால் அவரையும் கூடவே கூட்டிப்போங்கள்.

பொறந்து இருவத்தஞ்சு நாள்தானுங்க ஆகுது. பால் குடிக்க மாட்டேங்குது, ரிப்போர்ட் எல்லாம் நார்மல். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?

கூடாது. இரண்டு மாதம் முடியாத குழந்தைக்கு இந்தப் பக்கத்தில் எழுதிய எண்கள் பலவும் பொருந்தாது. புரோகால்சிடோனின் பிறந்த முதல் இரண்டு நாளில் நோயே இல்லாமலும் இயல்பாக ஏறி இறங்கும். வெள்ளை அணுவின் அளவும் இந்த வயதுக்கு வேறு. காய்ச்சலே இல்லாமல் உடம்பு சில்லிட்டுப் போயும் கடும் தொற்று இருக்கலாம். இந்த வயதில் மூச்சு 60-ம் அதற்கு மேலும் போனாலோ, பால் குடிப்பதை நிறுத்தினாலோ, அது ஒன்றே ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போதுமான காரணம். நார்மல் ரிப்போர்ட்டால் அதை மாற்ற முடியாது.

கோவை அரசு மருத்துவக் கல்லூரி, பெருந்துறையில் இருக்கும் ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி, சேலம் மோகன் குமாரமங்கலம், எது பக்கமோ அங்கே 108-இல் போங்கள். போகும் வழியில் குழந்தையைத் துணியால் சுற்றித் தாயின் நெஞ்சோடு அணைத்து வைத்திருங்கள். பிரசவம் பார்த்த இடத்துச் சீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை வாரத்தில் பிறந்தது, எடை எவ்வளவு, பிரசவத்தின்போது தாய்க்குக் காய்ச்சல் இருந்ததா, பனிக்குடம் உடைந்து எத்தனை மணி நேரம் கழித்துப் பிறந்தது என்று அங்கே முதலில் கேட்பார்கள்.